மந்திரிக்காத அறை

"சிஸ்டர், வீடே இல்லேங்கிறவருக்கு நான் எதை மந்திரிக்கிறது?"

யெர்கோ சாமியார் தீர்த்தச் செம்பை அடுப்படி மேசையில் டொக்கென்று வைத்தார். அங்கியெல்லாம் பனி.

சிஸ்டர் பெர்னார்தா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சாமியாரைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் மனசு அடைத்துக்கொண்டால் சாமியார் வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

"யாரு, ஸ்டிபானா?"

"வேற யாரு."

ஜெர்மனியில் ஆலைகள் நிறைந்த அந்த ஊருக்குப் பிழைக்க வந்த குரோவேசியா சனங்களுக்கு அவர் பங்குச்சாமியார். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து, வாசல் நிலைக்கு மேலே சாக்கட்டியால் வருஷத்தை எழுதிவிட்டு வருவார். அதுதான் வீடு மந்திரிப்பு, அவர்கள் வழக்கம்.

ஸ்டிபான் மட்டும் தெளிக்க விடமாட்டார். காப்பி கொடுப்பார், பிளம் சாராயம் ஊற்றுவார். "இந்த ரூமுக்கு எதுக்கு சாமி மந்திரிப்பு? என் வீடு ஊர்ல இருக்கு. அடுத்த வருஷம் போயிடுவேன்" என்பார்.

ஊரில் மூணு மாடி கட்டியிருக்கிறார். பளிங்குப் படி. ஆகஸ்டு மாசம் இரண்டு வாரம் போய்ப் படுப்பதோடு சரி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது நுரையீரல் கெட்டுவிட்டது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு என்ன சொன்னாரு?"

"சுவர்ப் பக்கம் திரும்பினவரு திரும்பினபடிதான். 'நீங்க தெளிச்சா இதுதான் என் வீடுன்னு ஆயிடும், அப்புறம் நான் இங்கயே சாகணும்'ங்கிறாரு. மூணு நாளா பொண்டாட்டிகிட்டகூட ஒரு பேச்சில்ல. லூட்சா பாவம், அடுப்புகிட்ட நின்னு அழுவுது. சுவரைப் பாத்துக்கிட்டா ஒரு மனுஷன் போய்ச் சேரணும்? என்னால முடியல சிஸ்டர். ஊர்ப் பக்கம் மாத்தச் சொல்லி பிஷப்புக்கு எழுதிப் போடப்போறேன்."

"வருஷா வருஷம் எழுதுறதுதானே."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். தீர்த்தச் செம்பை எடுத்தார். மாடிப்படி ஏறினார். சாமியார் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார்.

சாமியாரின் அறை வாசலில் சிஸ்டர் நின்றார். நிலையை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு எழுத்துமில்லை.

கதவைத் தள்ளினார்.

பீரோ மேலே பெட்டி, கட்டின கயிறு கட்டினபடி. சுவரில் முன்னே இருந்தவர் அடித்துவிட்டுப் போன வெறும் ஆணி. ஜன்னலோரம், சாமியாரின் அம்மா கொடுத்தனுப்பிய பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசு. சுற்றின செய்தித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"இதை எந்த வருஷம் மந்திரிச்சீங்க?"

"இதுவா? இது சும்மா ரூம்தானே சிஸ்டர். என் வீடு ஊர்ல..."

கண் பெட்டிக் கயிற்றில் போய் விழுந்தது.

சிஸ்டர் செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சக் கிழங்கைச் சீவ இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஸ்டிபானின் கட்டிலருகே போனபோது சாமியார் கையில் செம்பு இல்லை.

"போயிடுங்க சாமி. தெளிக்க விடமாட்டேன்." சுவரைப் பார்த்துத்தான் சொன்னார் ஸ்டிபான்.

"தெளிக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். என் ரூமை நான் இன்னும் மந்திரிக்கல ஸ்டிபான்."

மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார் ஸ்டிபான்.

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது. பெட்டிக் கயிறுகூட அவுக்கல."

ஸ்டிபானின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று லூட்சா ஓடிவந்தாள். அழுகையில்லை, சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அட பாவி சாமி, நீங்களுமா?"

சாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் சாத்த மறந்த கதவு வழியே பனிக்காற்று வீசியது.

ஸ்டிபான் பெண்சாதியைப் பார்த்தார்.

"லூட்சா, கதவைச் சாத்து. வீட்டுக்குள்ள குளிர் வருது."

சாத்தப் போன லூட்சாவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.