மாடத்தியின் ரகசிய எண்

பணம் எடுக்கும்போது போனில் வரும் ரகசிய எண்ணை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறது வங்கி. எங்கள் ஊரில் அது கணக்குக்கு உரியவருக்கே தெரியாது. எல்லா மிளகாய் விவசாயிகளின் கணக்கிலும் தன் போன் நம்பரையே எழுதிக் கொடுத்திருந்தார் சங்கச் செயலாளர் தங்கமாரியப்பன். வந்த எண்ணை அவர் சொல்ல வேண்டுமானால், அவர் தோட்டத்தில் ஒரு நாள் கூலியில்லாமல் மிளகாய் பறிக்க வேண்டும்.

மழையில் பயிர் அழுகியதற்கு மாடத்திக்குக் காப்பீட்டுப் பணம் வந்திருந்தது. மறுவிதைப்புக்கு அதுதான் கதி. ஆனாலும் சும்மா பறிக்க மறுத்துவிட்டாள்.

"அப்ப உன் போன்லயே வரவச்சு எடுத்துக்க, தாயி," என்று சிரித்தார் செயலாளர்.

அந்த வாரம் வங்கி மேலாளர் ஊருக்கு வந்தார். "எங்க விவசாயிக எல்லாரும் போன்லயே வரவு செலவு பாக்காக சார்," என்று மேடையில் பெருமையடித்தார் செயலாளர்.

மாடத்தி எழுந்தாள். "எனக்குப் பிடிபடல சார். நீங்களே எடுத்துக் காட்டுங்க."

மேலாளர் தன் போனில் அவள் கணக்கு எண்ணை அழுத்தினார். செயலாளரின் சட்டைப்பை ஒலித்தது. அடுத்துப் பக்கத்துக் காட்டுச் சுடலைமுத்து வந்தார். மறுபடியும் அதே பை. அதற்குள் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

"என்ன இது?" என்றார் மேலாளர்.

"எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர்தான் சார். அண்ணாச்சி சட்டைப்பைக்கு எத்தனை ஏக்கர்னு அவுககிட்டயே கேளுங்க," என்றாள் மாடத்தி.

எல்லாக் கணக்கிலும் அவரவர் நம்பரை அங்கேயே மாற்றச் சொன்னார் மேலாளர். நம்பரை மாற்றுவதற்கும் பழைய நம்பருக்கு வரும் எண் வேண்டும் என்பது விதி. ஆகவே பொழுது சாயும்வரை, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும், கூலியில்லாமல், செயலாளர் எண் வாசித்தார்.