யானை ஏன் ஆடுகிறது?

“மூணு வருஷ உழைப்பு மேடம். ஒரு தூசி தும்பு விடல. இன்னும் ஏன் வெளியிட மாட்டேங்கிறீங்க?” என்றார் பரஞ்சோதி.

நசீமா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் கொண்டுவந்த படம் எதிரே கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

பரஞ்சோதி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நசீமாவுக்கு அவர் மகள் வயது. ஆனால் பழைய கார்ட்டூன் படங்களைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்யும் அந்த ரசிகர் கூட்டத்துக்கு அவள்தான் குரு. வேலை கற்றுக்கொடுப்பதும் அவள். முடிந்த படத்தை இணையத்தில் ஏற்றலாம் என்று தலையாட்டுவதும் அவள்.

இவருக்கு வாய்த்தது ஒரு யானைப் படம். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. உலகத்திலேயே அதற்கு ஒரு ரீல்தான் மிச்சம் இருந்தது. அதுவும் ஸ்கேன் எடுத்த கையோடு பழைய ஃபிலிம் கெடுகிற விதத்தில் புளித்து நாறி, ஒட்டிக்கொண்டு, குப்பைக்குப் போய்விட்டது. இனி அழுக்கும் கீறலுமான அந்த ஸ்கேன்தான் எல்லாம்.

மனுஷன் அதை வைத்துக்கொண்டு மாடாய் உழைத்தார். ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக அழித்தார். பேரனுக்குக் காது குத்திய அன்றைக்கும் மண்டபத்து மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை ஓடவிட்டால்கூட அவர் கண் யானையைப் பார்க்காது, தூசியைத்தான் தேடும்.

“என்னோடதை ஏத்திடுங்க மேடம். அந்தப் பழைய ஸ்கேனை அழிச்சிடுங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. யாராவது பார்த்தா நமக்குத்தான் அசிங்கம்.”

“படத்தோட கதை என்ன சார்?”

அவருக்குச் சுருக்கென்றது. தன்னிடம் போய் இதைக் கேட்கிறாளே.

“யானை குளத்தங்கரைக்கு வருது. படுத்துத் தூங்கப் பார்க்குது. அப்புறம் எழுந்து ஆடுது. ஆடிக்கிட்டே போய்த் தண்ணியில விழுது. அவ்வளவுதான்.”

“ஏன் ஆடுது?”

“குஷிதான். வேற என்ன?”

“தன் கன்னத்துலயே அறைஞ்சுக்குதே சார்?”

“தாளம் போடுது மேடம்.”

நசீமா ஒரு வாய் டீ குடித்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

சட்டென்று தன் காதோரம் ஒரு அடி அடித்தாள். கன்னத்தில் ஒன்று. எழுந்து நின்று தலைக்கு மேலே கையை வீசினாள். திரும்பி மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். டீ சிந்தியது.

பரஞ்சோதி பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“என்ன மேடம், ஈயா? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

நசீமா உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

அவர் அறையெல்லாம் தேடினார். பிறகு திரையைப் பார்த்தார். யானை துதிக்கையைத் தூக்கி, மாசு மறுவில்லாத வெறும் வானத்தை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது.

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது.

“ஒரு ஃப்ரேம்ல இருக்கிற புள்ளி அடுத்த ஃப்ரேம்ல அதே இடத்துல இல்லைன்னா அது தூசின்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா சார். ஈ எங்க சார் ஒரே இடத்துல உக்காருது?”