அகப்பை இறங்கவில்லை

"வாயே திறக்கமாட்டேங்குறான் தாயே" என்றாள் தெய்வானை.

நாச்சியாரம்மாள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு மடம் கட்டி, தினமும் மதியம் வந்தவர்க்கெல்லாம் கூழ் ஊற்றுகிறவள் அவள். உபதேசம் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், போய் விறகு பொறுக்கி வா என்பாள். தெய்வானைக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவளைக் குருவாக வரித்து, மூன்று வருடமாக மடத்துக்குத் தண்ணீர் சுமக்கிறாள் தெய்வானை.

"யாரு?"

"சின்னவன் கதிரேசன்தான். ரெண்டரை வயசாச்சு. பெரியவ வடிவு இந்த வயசுல ஊரையே பேசி வித்துருவா. இவனுக்கு நாக்குல வசம்பு உரசித் தடவியாச்சு. கோயில்ல மணி வாங்கிக் கட்டியாச்சு. என் மாமியார் வீட்டுல ஊமைன்னே பேர் வெச்சுட்டாங்க."

குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள்.

"இன்னிக்கு இவன் பேசாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

"புள்ளையக் கூப்பிடு."

வந்தான். கூடவே ஏழு வயது வடிவும் வந்தாள். அவள் இல்லாமல் அவன் என்றைக்கு எங்கே போயிருக்கிறான்?

"உன் பேரு என்னப்பா?"

"கதிரேசன்" என்றாள் வடிவு.

"பசிக்குதா?"

"பசிக்குதாம். கூழுக்கு வெங்காயம் வேணுமாம். மிளகா வேண்டாமாம்."

பையன் நிம்மதியாகத் தலையாட்டினான். மகாராஜாவுக்கு என்ன குறை!

நாச்சியாரம்மாள் எழுந்தாள். அவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள். பின்னால் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள்.

அகப்பை நிறையக் கூழ் மொண்டாள். ஊற்றாமல் பிடித்தபடி நின்றாள்.

"இவன் வாயத் திறந்தாதான் அகப்பை இறங்கும். இவனுக்காக யார் பேசினாலும் கடைசிக்குப் போயிரணும்."

"தம்பிக்குப் பசிக்குது!" என்றாள் வடிவு. நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசிக்குப் போனாள்.

"கூழுன்னு சொல்லுடா ராசா" என்றார் மாட்டுத் தரகர். அவரும் போனார்.

"பச்சப் புள்ளைய இப்படியா நிக்கவெக்கிறது?" என்றாள் கீரைக்காரி. போனாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் ஊரில் எத்தனை பேர்? கொஞ்ச நேரத்தில் வரிசையே தலைகீழாகிவிட்டது. வடிவு மட்டும் மூன்று தடவை போய்வந்தாள்.

"சாமி, ஒரே ஒரு வார்த்தைடா..." என்று ஆரம்பித்தாள் தெய்வானை.

நாச்சியாரம்மாள் பார்த்தாள். அவ்வளவுதான். தெய்வானையும் கடைசிக்குப் போனாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மறு கையால் வடிவின் வாயைப் பொத்தினாள்.

ஒருவரும் பேசவில்லை. கூழ் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கதிரேசன் இடது பக்கம் பார்த்தான். ஆள் இல்லை. வலது பக்கமும் இல்லை. உதடு பிதுங்கியது.

ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொள்ளத்தான் தெய்வானையின் கால் துடித்தது. ஆனாலும் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி நின்றாள்.

பையன் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். திரும்பினான். வரிசை முழுவதையும் கண்ணால் தேடினான்.

"அக்கா!"

மடமே அதிர்ந்தது.

அகப்பை இறங்கியது.

வடிவுக்கு வாயடைத்துப்போய்விட்டது. அவளை வாயடைக்க வைத்த முதல் ஆள் அவன்தான்.

தெய்வானை ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், முத்தமிட்டாள். மாமியார் வீட்டுக்கு இப்போதே ஆள் அனுப்ப வேண்டும் என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, முகம் சுருங்கியது.

"பெரியவ முதமுதல்ல அம்மான்னு என்னையத்தானே கூப்பிட்டா தாயே. இவனுக்கு மட்டும் ஏன் அது வரலே?"

நாச்சியாரம்மாள் அடுத்த கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"பெரியவளுக்கு ஏது அக்கா?"