நொடிக்கொரு கேள்வி

தீபாவளி விற்பனை உச்சத்தில் இருந்தபோது ஜவுளிக்கடையின் குடோன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "புதுச் சரக்கு வந்ததா?" என்று கடைக் கம்ப்யூட்டர் அதை நொடிக்கொரு முறை கேட்க வேண்டும் என்பது மேனேஜர் அருணகிரியின் உத்தரவு; பதில் சொல்லிச் சொல்லியே அது திணறிப்போயிருந்தது.

"கேக்கிறதையும் நிறுத்தக்கூடாது, குடோனும் படுக்கக்கூடாது. முதலாளி வர்றதுக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா உனக்கு வேலை இல்ல" என்றார், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லியிடம்.

அவள் அவர் அறையைவிட்டு வெளியே போய்க் கதவை மூடி, உடனே திறந்தாள். "சார், முதலாளி கிளம்பிட்டதா போன் வந்துச்சா?"

"இல்ல."

மூடினாள், திறந்தாள். "இப்ப வந்துச்சா சார்?"

மறுபடியும் திறந்தாள், மறுபடியும். கடையே வேடிக்கை பார்த்தது. அருணகிரி வெடித்தார்: "வந்தா நானே கூப்பிட்டுச் சொல்லமாட்டேனா? இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பம்மா வேலை பாக்கிறது?"

"குடோனும் அதையேதான் சார் கேக்குது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "சரி சரி, சரக்கு வந்தா அதுவே சொல்லட்டும்" என்று முனகினார் அருணகிரி.

செண்பகவல்லி அப்படியே மாற்றிவைத்தாள். முதலாளி காரைவிட்டு இறங்கியபோது குடோன் கம்ப்யூட்டர் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது, கடையில் பில்கள் பறந்துகொண்டிருந்தன.