அலமாரிக்குப் பின்னால்

"ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு கட்டிக் குடுக்கறீங்க. நம்ம ஆபீசு மட்டும் ஏனுங்க மேடம் தகரக் கொட்டாயி?"

கேட்டவர் ஏகாம்பரம். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் ஏசி போட்ட கடைகளுக்கும் குடோன்களுக்கும் படம் வரைந்து சலித்துப்போனவர். ஏசி இல்லாமல் தொழிற்சாலை கட்டும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம் என்று கோவையில் இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

பூங்கோதைதான் நிறுவனத்தின் தலைவி. தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த சீடரை அவர் ஒரு நிமிடம் பார்த்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"வேர்வையத் தொடச்சுக்கங்ணா."

பதில் அவ்வளவுதான்.

ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் பிறந்தது. பிறப்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை. பாலைக் கண்ணெதிரே கறந்தாலும் மாட்டைச் சந்தேகிக்கிற மனிதர் அவர்.

ஊருக்குத்தான் உபதேசமா? சுவரில் மாட்டியிருக்கும் விருதுகள் எல்லாம் வெறும் பித்தளையா?

ஒருநாள் லீவு போட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் பூங்கோதை கட்டிய ஒரு நூற்பாலைக்குப் போனார். சாப்பாட்டுத் தூக்குப்போசிக்குள் ஒரு தெர்மாமீட்டரை ஒளித்துக்கொண்டு போனார். வெளியே முப்பத்தொன்பது, உள்ளே முப்பத்தொன்று.

தெர்மாமீட்டரைச் சந்தேகித்தார். வேறொன்று வாங்கிக்கொண்டு மறுவாரம் போனார். அதுவும் முப்பத்தொன்றே காட்டியது.

அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தில் அவர் தனியாக வரைய முதல் வேலை கிடைத்தது. அவினாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு இஸ்திரிக் கூடம். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் நின்று நீராவிப் பெட்டியால் துணி தேய்க்கிற இடம். பழைய கூடத்தில் போன சித்திரையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி ஏகாம்பரத்தின் மைத்துனி சம்பூர்ணம். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான், இனி இந்த வித்தையைக் கற்காமல் விடுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். வேலை கேட்டு வந்த அன்றே அதைப் பூங்கோதையிடம் சொல்லியும் இருந்தார்.

புதுக் கூடத்தில் ஏசியும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் மேற்குக் காற்றே போதும். முதலாளிக்கு நிறுவனம் கொடுத்திருந்த வாக்கு அது.

ஏகாம்பரம் உயிரைக் கொடுத்து வரைந்தார்.

முதல் படம் முடிந்த மறுநாள், அலுவலகத்தில் மேசைகளை எல்லாம் இடம் மாற்றிப் போட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இங்கே இப்படித்தானாம். ஏன் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களா என்ன?

அவருடைய மேசை ஒரு மூலைக்குப் போனது. அவருக்கும் மேற்குக் கதவுக்கும் நடுவில் ஆளுயர அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காற்று அதோடு நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கிழவனை ஓட்டப் பார்க்கிறார்கள்.

"மேடம், இந்த அலமாரியக் கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க. மூச்சு முட்டுது."

"நகத்தலாமே. உங்க கையிலதான இருக்குது."

"நானாத் தூக்கறது?"

பூங்கோதை சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நக்கல். ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டார். ஓடிப்போகிற ஆளா அவர்? மறுநாள் வீட்டிலிருந்து சின்ன மேசை விசிறி ஒன்றைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மேசைக்கு அடியில் வைத்து, முன்னால் பையைச் சாய்த்து மறைத்தார். முழங்காலில் பட்டு நெஞ்சுக்கு ஏறியது காற்று. பரம சுகம்.

ஆனால் மடியில் கனம் வந்துவிட்டதே. யார் அந்தப் பக்கம் வந்தாலும் காலால் பையை இழுத்துக்கொள்வார். மூன்று வாரம் இப்படியே போனது.

வெள்ளிக்கிழமை பனியன் கம்பெனி முதலாளி படம் பார்க்க வருவதாக இருந்தது. திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். வியாழன் மதியம், உச்சி வெயிலில், பூங்கோதை படச்சுருளோடும் ஒரு தாளோடும் அவரிடம் வந்தார்.

"கையெழுத்துப் போடுங்ணா."

தாளில் ஒரே வரி. 'இங்கே வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் காற்று போதும்.'

ஏகாம்பரத்தின் கண் சுருங்கியது. நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டுவது யார்?

"நீங்கதானுங்க தலைவி. நான் எதுக்குப் போடோணும்?"

"அங்க இருந்து பார்த்தவரு நீங்கதான?"

"எங்கீங்க? இன்னும் கட்டவே இல்லையே."

பூங்கோதை படத்தை விரித்தார். ஏகாம்பரத்தின் மேசைமேல் வைத்து, படத்தின் வடக்கு அலுவலகத்தின் வடக்கோடு சேரும்படி திருப்பினார்.

மேற்கே காற்று நுழையும் திறப்பு. அலுவலகத்தில் அதே இடத்தில் மேற்குக் கதவு.

அதை அடுத்துத் துணிக்கட்டு அடுக்கும் அறை. அலுவலகத்தில் அதே இடத்தில் அலமாரி.

அறைக்குப் பின்னால் இஸ்திரி மேசைகள். முதல் மேசையின்மேல் ஏகாம்பரத்தின் முழங்கை ஊன்றியிருந்தது.

அந்த அறையை அங்கே வரைந்தது அவர்தான். வண்டி வந்து நிற்க வசதி என்று வரைந்தார்.

கூரைத் தகரம் வெயிலில் முறுகிச் சத்தமிட்டது.

"இந்தக் கொட்டாயில, உங்க படத்துக்குள்ள மூணு வாரம் இருந்திருக்கீங்க" என்றார் பூங்கோதை. "காத்து போதுமாண்ணா?"

பழக்கதோஷம், ஏகாம்பரத்தின் கால் பையைத் தேடியது. பை சரிந்து விழுந்தது.

விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

பூங்கோதை குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதையும் படத்துல போட்டுருங்ணா. சம்பூர்ணத்துக்கு ஒண்ணு. மத்தவங்களுக்கு எரநூத்திப் பதினொண்ணு."