அண்ணாச்சி வழக்கம்

"குழவியை இங்கேயா தூக்கிட்டு வருவாங்க?" என்று நீதிமன்றச் சமரச மையத்து வக்கீலம்மா கேட்டார்.

மேசைமேல் இருந்தது செல்லக்கிளியின் கிரைண்டர் குழவி. வட்டிக்கடை ஆவுடையப்பன் அதைத் தூக்கிப்போனதிலிருந்து மூன்று வாரமாக அவளுக்கு மாவு வியாபாரம் இல்லை.

"அசல் இருபதாயிரமும் இன்னைக்கே வேணும். அப்பதான் கல்லு," என்றார் ஆவுடையப்பன்.

"கையில வந்தது பதினாறாயிரம்தான் மேடம். வட்டி மூணு வருஷமாக் கட்டியாச்சு," என்றாள் செல்லக்கிளி.

"ஏளா, பணம் யார் கையிலருந்து போனாலும் அஞ்சுல ஒரு பங்கு முதல்லயே பிடிக்கணும். எங்க ஐயா காலத்து வழக்கம். என் கணக்கப்பிள்ளை சம்பளத்துலயும் பிடிக்கேன். எழுதிக்கோங்க மேடம், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது."

"தொழிலுக்கு லைசென்ஸ் இருக்கா?"

ஆவுடையப்பனுக்கு இருமல் வந்தது. மாதம் இரண்டாயிரமாகப் பத்துத் தவணை, இனி வட்டியில்லை, குழவியை இன்றே கொடுத்துவிட வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னதற்கு இருமிக்கொண்டே தலையாட்டினார்.

"அண்ணாச்சி வழக்கத்தையும் ஒப்பந்தத்துல சேத்துருங்க மேடம். பெரியவங்க வச்சது," என்றாள் செல்லக்கிளி.

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

அவள் முதல் தவணையை நீட்டினாள். எண்ணினால் ஆயிரத்து அறுநூறு.

"ஏளா, மிச்சம் நானூறு எங்க?"

"இப்ப என் கையிலருந்துல்லா போகுது? பிடிச்சிக்கிட்டேன்."

வக்கீலம்மா தாளைத் திருப்பி, அவர் கையெழுத்துக்கு மேலிருந்த வரியைக் காட்டினார். ஆவுடையப்பன் நோட்டுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

செல்லக்கிளி குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மேசையில் உதிர்ந்திருந்த காய்ந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.