சாத்திய கூடத்தில் ஒரு முக்காலி

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் சௌந்தரம். வயது நாற்பத்தாறு. முன்பு தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அறுபத்து மூன்று வயதான தணிகாசலத்துக்கும் அக்காதான். பதிலுக்கு அவர் தணிகாசலத்தை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்கு மூத்தவர் என்று புரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

தணிகாசலம் கோயமுத்தூரில் முப்பது வருஷம் குளிர்பதனக் கிடங்கு நடத்தியவர். மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தியானத்தில் உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் எழுந்துவிடுவார். எழுந்ததும் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், மோட்டாருக்கு எண்ணெய் விடுவார். அவர் ஞானம் அடைந்தாரோ இல்லையோ, மடத்தில் ஒரு குழாய்கூடச் சொட்டுவதில்லை.

வந்த முதல் நாளே அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"என் சம்சாரம் விசாலம் எட்டு மாசம் படுக்கையில இருந்தாளுங்க. ஆக்சிஜன் மெஷின், ஏத்தி இறக்குற கட்டில், புண் வராத காத்து மெத்தை, ஒண்ணு விடாம வாங்கிப் போட்டேன். காரியம் முடிஞ்ச அன்னிக்கு எம் பொண்ணு என்னைப் பார்த்து, 'எல்லாம் வாங்கி வெச்சீங்கப்பா, எல்லாம்'னா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமாப் பேச்சே இல்லீங்க. நான் என்னங்க குறை வெச்சேன்?"

"சாப்பிட்டீங்களா அண்ணா?" என்றார் அக்கா. அவ்வளவுதான் பதில்.

தணிகாசலம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். மறைக்கவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்த எட்டு மாதமும் விசாலத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அதில் மகள் சாருமதி உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் அடுத்த அறையில் மெஷின்களின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் மடத்துக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். சுவருக்குப் பூச்சு முடிந்து, ஏழு நாள் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டும் ஆயிற்று. பெரிய சுவரில் ஓவியம் வரைய அக்கா ஓர் ஆளைத் தேடிக் கடிதம் எழுதினார். அந்த ஆள் சாருமதி. புதுச்சேரியில் பள்ளிக்கூடச் சுவர்களுக்கு ஓவியம் வரைவது அவள் தொழில்.

பதில் ஒரு கார்டில் வந்தது. 'இருபத்து மூன்றாம் தேதி வருகிறேன். சுவர் காய்ந்திருந்தால் வரைவேன். ஈரமாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.'

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தணிகாசலம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் இல்லை.

அன்றைக்குத் தேதி பதினொன்று.

"இந்தப் பனியில காய ஒண்ணரை மாசம் ஆகும் சாமி" என்றார் மேஸ்திரி.

தணிகாசலம் விடவில்லை. பழைய சிநேகிதரிடம் சொல்லி, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் இரண்டை அன்றைக்கே வரவழைத்தார். டீஹ்யூமிடிஃபையர் என்பதை மடத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. உறிஞ்சான் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உறிஞ்சான் நன்றாகவே உறிஞ்சியது. ஒரு நாளைக்கு நான்கு வாளி. ஒவ்வொரு வாளியையும் தணிகாசலம் அக்காவின் அறை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார். கொட்டும் இடத்துக்கு அது சுற்றுவழி.

மூன்று நாள் ஆயிற்று. சுவர் மட்டும் பூசிய அன்று இருந்த கருஞ்சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

நான்காம் நாள் காலையில் அக்கா அவரை நிறுத்தினார்.

"நிறையத் தண்ணி வருதே அண்ணா."

"நாளுக்கு நாலு வாளிங்க அக்கா!"

"யாரோட தண்ணி?"

தணிகாசலம் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த மடத்தில் எதையும் சாத்துகிற வழக்கம் இல்லை. ஆறு ஜன்னலும் ஆவென்று திறந்து கிடந்தன. பனி ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொன்றில் சாவகாசமாக வெளியேறிக்கொண்டிருந்தது.

கிடங்குக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு போன் பேசினவனை விரட்டி விரட்டித் திட்டிய மனிதர் அவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மூணு நாளா மலையைக் காய வெச்சுக்கிட்டு இருந்திருக்கேனுங்க!"

அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தேதி நினைவுக்கு வந்ததும் அடங்கியது.

"அக்கா, ஜன்னலைச் சாத்தியே ஆகணும்."

"சாத்துங்க."

"இங்க சாத்தற வழக்கம் இல்லீங்களே?"

"சாத்தலாம். ஆனா சாத்தின இடத்துல உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கணும். அதுதான் வழக்கம்."

"ஆள் இருந்தா மூச்சுலயே ஈரம் வருமுங்க. மெஷினுக்கு அது வேற வேலை."

"பார்க்கட்டும்."

"யாரை உக்கார வெக்கறதுங்க?"

"சாத்தினவரைத்தான்."

அக்காவே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டார். அதைப் பார்த்ததும் தணிகாசலத்துக்கு எங்கோ சுருக்கென்றது. ஏனென்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

முதல் நாள் முழுக்க மெஷின்களைத் திறந்து மூடினார். அவற்றுக்கு அவர் தேவைப்படவில்லை. கையேட்டைப் படித்தார். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோனது. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அக்கா வந்து முக்காலியில் உட்காருவார். இவர் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருவார். இரவுக்குப் பாயையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டார்.

மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். மேலே வெளுத்திருந்தது. கீழே இன்னும் கறுப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்தது. அவசரப்பட்டால் விரிசல் விடும் என்று மேஸ்திரி சொன்னது நினைவு வந்து, ஒரு மெஷினை அவராகவே நிறுத்தினார்.

ஐந்தாம் நாள், உறிஞ்சான் போடும் சத்தம் எதைப் போன்றது என்று அவருக்குப் பிடிபட்டது.

ஆக்சிஜன் மெஷினும் இதே மாதிரிதான் உறுமும். எட்டு மாதமும் அவர் அதை அடுத்த அறையிலிருந்துதான் கேட்டார். நன்றாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் அது இவ்வளவு பெரிய சத்தம் என்று அவருக்குத் தெரியாது. இதற்குள்தான் விசாலம் தூங்கினாள், விழித்தாள், அவரைக் கூப்பிட்டிருந்தாலும் இதற்குள்தான் கூப்பிட்டிருப்பாள்.

தணிகாசலம் அழுதார். யாரும் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது.

அதன் பிறகு அவர் கையேட்டைத் தொடவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் சாருமதி வந்தாள். அக்கா அவளைக் கூடத்து வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாருமதி கதவைத் திறந்தாள். முக்காலியில் அப்பா. புறங்கை சுவரில் இருந்தது.

"கதவைச் சாத்தும்மா. பனி வந்துரும்."

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் உள்ளே வந்து சாத்தினாள்.

"காஞ்சிருச்சா?"

"மேல காஞ்சிருச்சு. ஜன்னலுக்குக் கீழ முந்தாநாள்தான் காஞ்சுது. இந்த மூலையில ஒரு முழம் மட்டும் இன்னும் குளுந்து கிடக்கு. ரெண்டு நாள் ஆகும்."

"மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. உக்காந்திருந்தேன்."

"எத்தனை நாளா?"

"ஒம்பது நாளா."

அவள் முக்காலியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உறிஞ்சான் உறுமிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. அக்கா வரவில்லை. தணிகாசலம் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

"போய்ச் சாப்பிடுங்க."

"ஒரு ஆள் உள்ள இருக்கணும்மா. இங்க வழக்கம்."

"நான் இருக்கேன். போயிட்டு வாங்கப்பா."

தணிகாசலம் எழுந்தார். முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். இரண்டடி வைத்துவிட்டு நின்றார்.

"அன்னிக்கு நீ ஒருத்தியேதான் உக்காந்திருந்தே."

"ம்."

"நான் ஒரு நாள்கூட வந்து மாத்தி விடல."

"இல்லப்பா."

அவர் போகவில்லை. காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் சோறு ஆறிப்போனது. அடுத்த பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது.

மூன்றாம் நாள் அந்த மூலையும் காய்ந்தது. ஜன்னல்களைத் திறந்தார்கள். சாருமதி சாரம் ஏறிக் கரிக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள். "அப்பா, அந்தத் துணியை எடுங்க" என்று மேலேயிருந்து அதட்டும்போதெல்லாம் தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்தது.

மெஷின்களை ஜீப்பில் ஏற்றிவிட்டு அவர் அக்காவிடம் வந்தார். அக்கா கூடத்து ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணுமுங்க. சாத்தின எடத்துல ஆள் உக்காரணும்ங்கற வழக்கம். மூணு வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே. எப்ப இருந்துங்க அது?"

அக்கா கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க ஜன்னலைச் சாத்தின அன்னியிலேருந்து அண்ணா."